சிவப்புக் குச்சிக் குட்டைகள்

பிப்ரவரி 11, புதன்

ஆய்வகக் குறிப்பேட்டில் இதையெல்லாம் எழுத முடியாது. அங்கே "நாற்றுகள் பார்வையிடப்பட்டன" என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். இங்கே நடந்ததை நடந்தபடி எழுதலாம். இன்று காலை என் தட்டுகளில் குட்டைகள் தலைகாட்டிவிட்டன. வளர்ப்பறைக்குள் யாருமில்லை என்று நினைத்து ஒரு சின்ன ஆட்டம் போட்டேன். கண்ணாடிக் கதவுக்கு வெளியே ஃபர்ஹானா நின்றுகொண்டிருந்தது பிறகுதான் தெரிந்தது.

குட்டைகள் என்றால் அராபிடாப்சிஸ் குட்டைகள். கடுகுக்குத் தூரத்துச் சொந்தமான ஒரு களைச்செடி. தாளிக்கவும் ஆகாது, விற்கவும் ஆகாது. ஆனால் உலகம் முழுக்க எங்களைப் போன்றவர்கள் இதைத்தான் கட்டிக்கொண்டு மாரடிக்கிறோம். ஆய்வகத்தில் செல்லமாக அராபி. என் அராபிக் குடும்பத்தில் ஒரு மரபணு பழுது. பிறக்கிற நாலு பிள்ளைகளில் ஒன்றுக்கு அந்தப் பழுது தாய்வழி, தகப்பன்வழி இரண்டிலும் வந்து சேரும். அந்தப் பிள்ளை வளராது, பூக்கவும் நாளாகும், காயில் விதை ஒழுங்காகப் பிடிக்காது. அதனால் ஒவ்வொரு முறையும் நல்ல தாயின் விதையைத் தூவி, முளைத்ததில் குட்டைகளைத் தேடிப் பொறுக்க வேண்டும்.

அப்படி அந்தச் செடியில் என்ன இருக்கிறது என்று அம்மா இன்றும் போனில் கேட்டாள். ஐந்தாவது வருடமாகக் கேட்கிறாள். இந்த முறை சடையை வைத்து விளக்கினேன். செடிக்குள் சின்னஞ்சிறு ஆர்.என்.ஏ. துண்டுகள் உண்டு. எந்த மரபணு பேசலாம், எது வாயை மூட வேண்டும் என்று அதட்டுவது அவற்றின் வேலை. சடை பின்னியதும் நுனியில் ரப்பர் பேண்ட் போடுகிறோம் அல்லவா, அது மாதிரி ஒரு நொதி ஒவ்வொரு துண்டின் வால் நுனியிலும் ஒரு மெத்தில் ஒட்டிவிடும். அது இல்லாமல் போனால் இன்னொரு நொதி வந்து அந்த வாலில் சவுரி வைக்க ஆரம்பித்துவிடும். சவுரி வைத்த வாலைக் கண்டால் செடி அதைக் கத்தரித்துப் போடும். அதட்ட ஆளில்லாமல் செடியும் தாறுமாறாகிக் குட்டையாக நின்றுவிடும். என் குட்டைகளுக்குப் பழுதானது அந்த ரப்பர் பேண்ட் போடுகிற நொதிதான்.

அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப ஒரு ரப்பர் பேண்டுக்கா ஏட்டி அஞ்சு வருசம்?" என்றாள்.

பிப்ரவரி 13, வெள்ளி

நேற்றும் இன்றும் குட்டைகளிடமிருந்து இணுக்கு இணுக்காக இலை கிள்ளி, பி.சி.ஆர். ஓட்டி மரபணுவைப் பார்த்தேன். பழுது உறுதி. குட்டை இருக்கிற ஒவ்வொரு குழியிலும் சிவப்புப் பெயின்ட் அடித்த ஐஸ் குச்சி ஒன்றைக் குத்தி வைத்திருக்கிறேன். குழிக்கு இரண்டு விதை போட்டிருந்ததால், குட்டைக்குப் பக்கத்திலேயே அதன் கொழுத்த அக்காக்காரி ஒருத்தியும் நிற்கிறாள். அவளைப் பிடுங்கிவிட்டால்தான் குட்டை பிழைக்கும். இதற்குக் கலைப்பது என்று பேர்.

அந்த வேலையை ஃபர்ஹானாவிடம் ஒப்படைத்துவிட்டேன். எங்கள் ஆய்வகத்தின் இன்னொரு ஆய்வு மாணவி அவள், வாணியம்பாடிக்காரி. தக்காளி அவள் பயிர். சிவப்புக் குச்சிக் குழியில் பெரியதைப் பிடுங்கு, சின்னதை விடு என்று இரண்டு தடவை சொன்னேன். அவள் ஒரு தடவை தலையாட்டினாள். ஞாயிறு சிவராத்திரி, குலசாமி கோயிலுக்கு வராவிட்டால் அம்மா என்னைத் தத்துக் கொடுத்துவிடுவாள். மாலை ரயிலில் கோவில்பட்டி.

கிளம்பும்போது சொல்லிக்கொள்ள சாரைத் தேடினேன். வளர்ப்பறைக்குள் நின்று போன் பேசிக்கொண்டிருந்தார். சார் என்றால் என் நெறியாளர், பேராசிரியர் நாச்சிமுத்து. இந்தக் கட்டடத்தில் இருபத்திரண்டு டிகிரி நிலவுகிற அறை அது ஒன்றுதான் என்பதால், ஆஸ்திரேலியாவிலிருக்கும் மகளோடு பேச அங்கேதான் போவார். மகளோடு பேச ஆரம்பித்தால் அவருக்கு நேரம் போவது தெரியாது, கையும் சும்மா இருக்காது. போன வாரம் என் காகிதக் கிளிப்புகளையெல்லாம் நிமிர்த்திக் கம்பியாக்கி வைத்திருந்தார். கண்ணாடி வழியே கையசைத்துவிட்டு வந்துவிட்டேன்.

பிப்ரவரி 17, செவ்வாய்

திரும்பியாயிற்று. குழிக்கு ஒரே ஒரு செடி, கனஜோராக நிற்கிறது. பிடுங்கிய நாற்றுகள் தட்டின் விளிம்பில் வேரெல்லாம் ஒரே பக்கமாக வரிசையாக அடுக்கப்பட்டிருந்தன. ஃபர்ஹானாவுக்கு இவ்வளவு நேர்த்தி உண்டென்று இத்தனை வருடம் தெரியாது. பிடுங்கியவை ரொம்பச் சிறியதாகத் தெரிந்தன. வாடினால் எதுவும் சுருங்கத்தானே செய்யும். கூட்டித் தள்ளிவிட்டேன்.

அவளுக்கு நன்றி சொல்லி ஒரு பொட்டலம் கடலை மிட்டாய் கொடுத்தேன். எதற்கு நன்றி என்று கேட்கிற மாதிரி பார்த்தாள். வாய் நிறைய மிட்டாய், பேச முடியவில்லை. அடக்கமானவள்.

பிப்ரவரி 24, செவ்வாய்

சிவப்புக் குச்சிச் செடிகள் எல்லாவற்றையும் இன்று சூட்டுப் பெட்டிக்கு மாற்றினோம். இருபத்தொன்பது டிகிரி. அராபிக்கு அதுவே சித்திரை வெயில்.

இது சாரின் யோசனை. ரப்பர் பேண்ட் போட ஒரே ஒரு நொதிதான் உண்டு என்கிறது புத்தகம். "ஒரு வழிய அடைச்சா இன்னொரு வழி வெக்காம எந்தப் பயிரும் இருக்காது அம்மிணி. கஷ்டம் வந்தாத்தான் அந்த வழி தெரியும்" என்பது சாரின் கட்சி. ஆகவே குட்டைகளுக்குக் கஷ்டம் கொடுத்துப் பார்க்கிறோம். சூட்டில் அவற்றின் வாலில் ரப்பர் பேண்ட் வந்துவிட்டால், அதைப் போட்ட இரண்டாவது கை ஒன்று எங்கோ ஒளிந்திருக்கிறது என்று அர்த்தம்.

சாருக்கு இது வெறும் யோசனை இல்லை. முப்பது வருடம் நெல்லில் புது ரகம் கட்டியவரைக் கொண்டுவந்து மூலக்கூறு உயிரியல் துறையில் போட்டார்கள். இங்கே சிலர் அவரை நெல்லு வாத்தியார் என்பார்கள், அவர் காதில் விழுகிற தூரத்தில் நின்றுகொண்டு. ஜூன் கடைசியில் ஓய்வு பெறுகிறார். போவதற்குள் இந்தக் கட்டடத்தில் தன் பேரில் ஒன்று இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறார். எனக்கும் முனைவர் பட்டத்தின் கடைசி அத்தியாயம் இதுதான். இது வந்தால் இருவரும் கரையேறுவோம்.

மார்ச் 3, செவ்வாய்

செடிகள் பெட்டிக்குள் தளதளவென்று இருக்கின்றன. தென்னைநார்க் கழிவு புதிதாக வாங்கியது, அதன் சத்தாக இருக்கும்.

மார்ச் 6, வெள்ளி

பூத்தண்டு எழும்பிவிட்டது. குட்டைகள் தாமதமாகத்தான் பூக்கும் என்று நானே மூன்றாம் அத்தியாயத்தில் எழுதியிருக்கிறேன். சூடு பூப்பதைத் துரிதப்படுத்தும் என்பதும் தெரிந்த விஷயம்தான். விடுதியில் இன்று மோர்க்குழம்பு. பரவாயில்லை.

மார்ச் 19, வியாழன்

வந்துவிட்டது! வரிசையாக எழுதுகிறேன்.

சோதனை இதுதான். செடியிலிருந்து எடுத்த ஆர்.என்.ஏ.யை ஒரு ரசாயனத்தில் ஊற வைக்க வேண்டும். வால் நுனி வெறுமனே இருந்தால் ரசாயனம் கடைசி எழுத்தைக் கடித்துவிடும். துண்டு சிறுத்துப்போய் ஜெல்லில் வேகமாகக் கீழே இறங்கிவிடும். ரப்பர் பேண்ட் இருந்தால் கடிக்க முடியாது, ஜெல்லில் துண்டைக் காட்டுகிற கோடு, அதாவது பட்டை, மேலேயே நிற்கும். ஒப்பிட்டுப் பார்க்கச் சூடு காட்டாத குட்டை வேண்டும். இந்தத் தடவை எல்லாவற்றையும் பெட்டியில் வைத்துவிட்டதால், உறைபெட்டியில் கிடந்த போன வருடத்துக் குட்டையின் ஆர்.என்.ஏ.யை எடுத்துக்கொண்டேன்.

படம் திரையில் வந்தது. போன வருடத்துக் குட்டை: பட்டை கீழே இறங்கியிருந்தது, எப்போதும்போல. சூடு காட்டிய குட்டைகள்: அத்தனையும் மேலே. ஒன்றுகூட இறங்கவில்லை. ஆணி அடித்த மாதிரி நின்றன.

சாரைக் கூப்பிட்டேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். மறுபடி கழற்றித் துடைத்தார். பிறகு கீழே கேன்டீனுக்குப் போய், துறையிலிருந்த எல்லோருக்கும் தன் கையாலேயே டீ வாங்கிக்கொண்டு வந்தார். நெல்லு வாத்தியார் என்பவர்களுக்கும்தான்.

மார்ச் 27, வெள்ளி

சார் கல்லூரி முதல்வரிடம் சொல்லிவிட்டார். ஏப்ரல் 24 அன்று பெரிய அரங்கில் என் ஆய்வுச் சுருக்கக் கருத்தரங்கு. வழக்கமாக எட்டுப் பேர் உட்கார்ந்து கொட்டாவி விடுவார்கள். இதற்கு வெளியூரிலிருந்தெல்லாம் வருகிறார்களாம். சார் புதுச் சட்டை எடுத்திருக்கிறார். இரண்டாவது நொதிக்கு என்ன பேர் வைக்கலாம் என்று தினம் ஒரு பேரோடு வருகிறார். மகளும் ஆஸ்திரேலியாவிலிருந்து இணையத்தில் பார்க்கப் போகிறாளாம்.

நான் அம்மாவிடம் சொன்னேன். அம்மா தெருவிடம் சொன்னாள்.

ஏப்ரல் 2, வியாழன்

ஃபர்ஹானாவுக்கு எதிலும் ஒரு நொட்டை. ஆர்.என்.ஏ. எடுக்க அரைத்த இலைக்கு மறுபடி பி.சி.ஆர். பார்த்தாயா என்று கேட்கிறாள். குச்சி குத்தும் முன்பே பார்த்தாயிற்று என்றேன். அது அப்போது, இது இப்போது என்கிறாள். போன வருடத்து ஆர்.என்.ஏ.யை இந்த வருடத்துச் செடியோடு ஒப்பிடலாமா என்று வேறு கேட்கிறாள். தக்காளிக்காரர்களுக்கே கொஞ்சம் பொறாமை உண்டு. நேரம் கிடைக்கும்போது பார்க்கிறேன் என்று சொல்லி வைத்தேன்.

ஏப்ரல் 6, திங்கள்

வளர்ப்பறைக்குப் போகவில்லை. வேலை.

ஏப்ரல் 7, செவ்வாய்

இன்றும் போகவில்லை.

ஏப்ரல் 9, வியாழன்

போனேன். காய்கள் நன்றாகப் பிடித்திருக்கின்றன. ஒரு காயை உரித்துப் பார்த்தேன். விதை நெருக்கமாக, முழுசு முழுசாக. குட்டைக்கு விதை பிடிக்காது என்று எழுதியவர்கள் சூடு காட்டிப் பார்க்கவில்லை போலிருக்கிறது. மாலை முழுக்க மேஜை இழுப்பறையைச் சுத்தம் செய்தேன். நான்கு வருடக் குப்பை.

ஏப்ரல் 16, வியாழன்

மதியம் வளர்ப்பறைக்குக் குடுவை எடுக்கப் போனேன். சார் உள்ளே நின்று மகளோடு பேசிக்கொண்டிருந்தார். பேத்தி பள்ளிக்கூடத்தில் பேச்சுப் போட்டியில் ஜெயித்திருக்கிறாளாம், முகமெல்லாம் பூரிப்பு. எதிரே ஃபர்ஹானாவின் தக்காளி நாற்றுத் தட்டு. சாரின் வலது கை அந்தத் தட்டில் இருந்தது.

கை மட்டும் தனியாக வேலை பார்த்தது. குழிக்குழியாக நகர்ந்தது. நல்ல நாற்றைத் தொடாமல் விலக்கி, பக்கத்தில் சோனியாக நின்றதை இரண்டு விரல் நகத்தால் வேரோடு உருவி, தட்டின் விளிம்பில் வைத்தது. அடுத்தது. அதற்கடுத்தது. வேரெல்லாம் ஒரே பக்கம், வரிசையாக. சார் அந்தத் தட்டைப் பார்க்கவே இல்லை. "அப்படியா கண்ணு, அப்பறம் என்ன பேசுனயாமா" என்று சிரித்துக்கொண்டிருந்தார்.

விதைப் பயிர் வயலில் சோனி, வேற்றினம், ஒவ்வாதது எல்லாவற்றையும் பிடுங்குவதற்குக் கலவன் எடுப்பது என்று பேர். முப்பது வருடம் கலவன் எடுத்த கை அது.

இன்று மேற்கொண்டு எழுதவில்லை.

ஏப்ரல் 17, வெள்ளி

ஃபர்ஹானாவிடம் நேராகக் கேட்டேன், பிப்ரவரியில் என் குழிகளைக் கலைத்தது நீதானே என்று. இல்லையே, நான் போனபோதே குழிக்கு ஒன்றுதான் இருந்தது, நீ ஊருக்குக் கிளம்பும் முன் நீயே செய்துவிட்டாய் என்று நினைத்தேன் என்றாள். அப்புறம் அந்த மிட்டாய் எதற்கு என்று கேட்டாள்.

பி.சி.ஆர். போட்டேன். ஃபர்ஹானா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். சிவப்புக் குச்சிக்கடியில் நிற்பது ஒன்றுகூடக் குட்டை இல்லை. எல்லாம் கொழுத்த அக்காக்காரிகள். ரப்பர் பேண்ட் போடுகிற நொதி அவர்களிடம் சுகமாகவே இருக்கிறது. பட்டை மேலே நிற்காமல் வேறெங்கே போகும்? என் குட்டைகள் பிப்ரவரியிலேயே என் துடைப்பத்தில் போய்விட்டன.

இரண்டாவது நொதி இல்லை. இரண்டாவது கை ஒன்று இருந்தது. அது சாருடையது.

ஃபர்ஹானா என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துச் சிரித்து, எனக்கு எங்கேயோ அழுகையாக மாறிவிட்டது.

ஏப்ரல் 20, திங்கள்

சாரிடம் சொல்லப் போனேன். புதுச் சட்டையைப் பெட்டியோடு மேஜை மேல் வைத்துக்கொண்டு, வெள்ளையா இளநீலமா என்று கேட்டார். இரண்டு நிறமும் வாங்கியிருக்கிறார். இளநீலம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

ஏப்ரல் 21, செவ்வாய்

மறுபடி போனேன். சாரின் வீட்டம்மா செய்து கொடுத்த இனிப்புக் கச்சாயம் இருந்தது. தின்றுவிட்டு வந்தேன்.

எப்படிச் சொல்வது? சார், உங்கள் வாழ்நாள் கண்டுபிடிப்பு உங்கள் விரல் செய்த வேலை என்றா? நெறியாளர் முகத்தைப் பார்த்து இதைச் சொன்ன ஆய்வு மாணவி இந்தப் பல்கலைக்கழகத்தில் இதுவரை இருந்திருக்க மாட்டாள். இருந்திருந்தால் பட்டம் வாங்கியிருக்க மாட்டாள். சொல்லாமலும் இருக்கலாம். படம் படம்தான், யார் வந்து குழியைத் தோண்டப் போகிறார்கள்? இப்படியும் ஒரு நிமிடம் நினைத்தேன். நினைத்ததை எழுதிவிட்டேன். இனி அதைச் செய்ய முடியாது.

ஏப்ரல் 23, வியாழன்

நாளை காலை சொல்கிறேன். சத்தியம்.

ஏப்ரல் 24, வெள்ளி

சொல்லிவிட்டேன்.

காலையில் சார் இளநீலச் சட்டையில் வந்தார். வளர்ப்பறைக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினேன். மனப்பாடம் செய்திருந்தது எல்லாம் மறந்துபோயிற்று. பி.சி.ஆர். படத்தை நீட்டினேன். பிறகு ஃபர்ஹானாவின் தக்காளித் தட்டைக் காட்டி, அன்று அவர் போன் பேசிக்கொண்டிருந்ததைச் சொன்னேன். அவருக்குப் புரிய அதற்கு மேல் எதுவும் தேவைப்படவில்லை. தன் வலது கையை விரித்துப் பார்த்தார்.

"நானா அம்மிணி?"

ஆமாம் சார் என்றேன். என் ஐந்து வருடமும் அந்த ஒரு சொல்லோடு போகிறது என்றுதான் நினைத்தேன்.

"நீ போய் ஹால்ல இரு. நான் வர்றேன்."

அரங்கு நிரம்பியிருந்தது. முதல்வர் முன் வரிசையில். திரையின் ஓரத்தில் சின்னச் சதுரத்தில் சாரின் மகள், மடியில் பேத்தி. மேடையில் என் தலைப்பு பெரிய எழுத்தில் மின்னியது. இரண்டாவது நொதி பற்றி.

என்னை அறிமுகம் செய்ய சார் ஏறினார். மைக்கைத் தட்டிப் பார்த்தார். தலைப்பு மாறிவிட்டது என்று தொடங்கினார்.

"இந்தப் புள்ள குட்டையெல்லாம் பொறுக்கிக் குச்சி வெச்சுட்டுத்தான் ஊருக்குப் போச்சு. நான் எம்பொண்ணுகூடப் போன் பேசிட்டே, அத்தனையவும் கலவன்னு புடுங்கி வரிசையா அடுக்கி வெச்சுட்டேன். ரெண்டாவது நொதி ஒண்ணும் இல்லீங்க. இந்தா, இந்தக் கைதான்."

வலது கையை உயர்த்திக் காட்டினார். முதலில் ஆஸ்திரேலியாவிலிருந்து பேத்தி சிரிக்கிற சத்தம் ஒலிபெருக்கியில் வந்தது. அவளுக்கு என்ன புரிந்ததோ, தாத்தா கை தூக்கியதற்குச் சிரித்திருப்பாள். அதோடு எல்லோரும் சிரித்துவிட்டார்கள், முதல்வர் உட்பட. சாரும் சிரித்தார். கண் மட்டும் சிரிக்கவில்லை என்பது எனக்குத் தெரிந்தது.

அடுத்து நான் ஏறினேன். பிடுங்கியது சார்தான், ஆனால் அரைக்கும் முன் பார்க்காமல் விட்டது நான், பார்க்கச் சொன்னவளையும் பொறாமைக்காரி என்று நினைத்தவள் நான் என்று சொல்லிவிட்டு மற்ற அத்தியாயங்களை வாசித்தேன். ஃபர்ஹானா மூன்றாவது வரிசையில் இரண்டு கட்டைவிரலையும் தூக்கினாள். என் ஆய்வுக் குழு முடிவு சொன்னது: மறுபடி விதை, நிஜக் குட்டைகளைச் சூட்டில் வை, வருவதை எழுது. இல்லை என்று வந்தால் இல்லை என்று எழுது, அதுவும் பதில்தான். ஜூன் இறுதி வரை தவணை.

வெளியே வந்ததும், நெல்லு வாத்தியார் என்று சொல்கிறவர்களில் ஒருவர் சாருக்கு டீ வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார். இன்று நான் நன்றாகத் தூங்குவேன்.

ஏப்ரல் 27, திங்கள்

முந்தா நாளே குளிர்பெட்டியில் வைத்திருந்த விதையைத் தூவினேன். வளர்ப்பறைக் கதவில் ஃபர்ஹானா ஒரு தாள் ஒட்டியிருக்கிறாள்: "உள்ளே போன் பேசக் கூடாது." அதன் அடியில் சார் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

மே 12, செவ்வாய்

குட்டைகள் தெரிந்துவிட்டன, பி.சி.ஆரும் ஆயிற்று, குச்சியும் குத்தியாயிற்று. அக்காக்காரிகளைப் பிடுங்க உட்கார்ந்தபோது சார் வந்தார். போனை அறையிலேயே வைத்துவிட்டு வந்ததாகச் சொல்லி, இரண்டு சட்டைப் பையையும் தட்டிக் காட்டினார். தானும் கலைக்கலாமா என்று கேட்டார்.

ஃபர்ஹானா இருந்திருந்தால் கதவைப் பூட்டியிருப்பாள். ஒரு தட்டை அவர் பக்கம் நகர்த்தி, பெரியதை எடுக்க வேண்டும் சார், சின்னதை விட வேண்டும் என்றேன்.

சாரின் கை குழிக்கு மேல் போனது. தானாகவே குட்டையின் பக்கம் சாய்ந்தது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். அவரும் கவனித்துவிட்டார். கையை நிறுத்தி, விரல்களை அக்காக்காரிமேல் கொண்டுபோய் வைத்தார். வைத்தபடியே இருந்தார்.

"நல்லா வர்றதப் புடுங்கறதுக்குக் கை வர மாட்டேங்குது அம்மிணி."

நான் ஒன்றை உருவிக் காட்டினேன். அவரும் ஒன்றை உருவினார், பல் பிடுங்கிக்கொள்கிறவர் முகத்தோடு. இரண்டாவது கொஞ்சம் எளிதாக வந்தது. தட்டு முடியும்போது வியர்த்திருந்தார், இருபத்திரண்டு டிகிரியில். பிடுங்கிய அக்காக்காரிகளைத் தூக்கிப் போட மனமில்லாமல் ஈரப் பஞ்சில் சுற்றி வீட்டுக்கு எடுத்துப் போனார். கோயமுத்தூர் மே மாதத்தில் அவை ஒரு நாள் தாங்காது என்பது அவருக்கும் தெரியும்.

மே 13, புதன்

வீட்டம்மா என்ன கீரை என்று கேட்டார்களாம்.

ஜூன் 12, வெள்ளி

படம் வந்துவிட்டது. இந்த முறை சூடு காட்டாத குட்டையும் சூடு காட்டிய குட்டையும் ஒரே விதைப்பில் வந்தவை. அரைத்த ஒவ்வொரு இலைக்கும் பி.சி.ஆர். பார்த்தாயிற்று, ஃபர்ஹானாவையும் பக்கத்தில் உட்கார வைத்து. அக்காக்காரிகளின் பட்டை மேலே. குட்டைகளின் பட்டை, சூடு காட்டியதும் காட்டாததும், எல்லாம் கீழே. ரசாயனம் அத்தனை வாலையும் கடித்திருக்கிறது. இரண்டாவது நொதி இல்லை, குறைந்தபட்சம் இந்தச் சூட்டில் இல்லை.

ஏமாற்றமாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. இந்தப் படத்தில் எனக்குத் தெரியாதது எதுவும் ஒளிந்திருக்கவில்லை. அது எவ்வளவு நிம்மதி என்பது மார்ச்சில் தெரியாது. கடைசி அத்தியாயத்தை மதியத்துக்குள் எழுதிவிடலாம்.

சாரிடம் காட்டினேன். இந்த முறை கண்ணாடியைத் துடைக்கவில்லை. நேராகப் பார்த்தார். "இல்லைன்னே எழுது. தெளிவா எழுது" என்றார். குட்டைகளைப் பார்க்க வேண்டும் என்றார்.

வளர்ப்பறைக்குப் போனோம். குட்டைகள் இப்போதுதான் பூத்திருக்கின்றன. பூ என்று சொல்லவே கொஞ்சம் தாராளம் வேண்டும்: இதழ் ஒன்று கோணல், ஒன்றைக் காணோம், சூல்பையின் வாய் சரியாக மூடாமல். கடுகு மணியளவு இருக்கும். சார் குனிந்து ரொம்ப நேரம் பார்த்தார். முப்பது வருடத்தில் இப்படி ஒரு செடியைப் பூக்கும் வரை அவர் விட்டு வைத்ததில்லை.

"நெல்லுல நான் புடுங்கிப் போட்டதெல்லாம் எத்தன சொல்ல வந்துச்சோ, அம்மிணி. ஒண்ணயும் பேச உடல நானு."

அவர் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். ஆறுதல் சொல்கிற வயது எனக்கில்லை, கேட்கிற வழக்கம் அவருக்கும் இல்லை. லென்ஸை எடுத்துக் கையில் கொடுத்தேன். இரண்டு முக்காலிகளை இழுத்துப் போட்டேன். சார் ஒன்றில் உட்கார்ந்து, குட்டையின் தொட்டியை இரண்டு கையாலும் பிடித்துத் தன் பக்கம் திருப்பினார்.

"சரி, இது என்ன சொல்லுது? மொதல்ல இருந்து சொல்லு. எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு வெச்சுக்க."

நான் பக்கத்தில் உட்கார்ந்து, கோணலான அந்த முதல் இதழிலிருந்து ஆரம்பித்தேன்.